அரண்மனை இல்லாத அரண்மனை முற்றம்: லிஸ்பன் சதுக்கத்தின் இரண்டு பெயர்கள்

தேஜோ ஆறு கடலைச் சேர்வதற்கு முன் அகன்று, ஒரு உள்கடலைப் போல விரிந்து கிடக்கும் இடத்தில் லிஸ்பன் நகரின் பழைய துறைமுகம் இருந்தது. அந்த நீர்ப்பரப்பை நேருக்கு நேர் பார்த்தபடி, ஏறத்தாழ 175 மீட்டர் பக்க அளவுள்ள ஒரு பெரிய சதுக்கம் இன்றும் இருக்கிறது. அதன் மூன்று பக்கங்களில் மஞ்சள் பூசிய ஒரே சீரான கட்டடங்களும் அவற்றின் கீழே நீண்ட வளைவுத் தாழ்வாரங்களும் உள்ளன. நான்காவது பக்கத்தில் சுவரோ வேலியோ கிடையாது, படித்துறையும் தண்ணீரும்தான். அரசு ஆவணங்களில் அதன் பெயர் ‘பிராசா து கொமேர்சியு’, அதாவது வணிகச் சதுக்கம். ஆனால் அந்நகர மக்களில் பெரும்பாலோர் அதை ‘தெரெய்ரு து பாசு’ என்றே சொல்கிறார்கள். அதற்கு அரண்மனை முற்றம் என்று பொருள். அங்கே அரண்மனை ஏதும் இல்லை. இருந்த அரண்மனை 1755ஆம் ஆண்டு இடிந்து, எரிந்து அழிந்துவிட்டது.

இல்லாத ஒரு கட்டடத்தின் பெயர் இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேலாக மக்கள் வாயில் நிலைத்திருப்பதைப் பழக்கத்தின் பிடிவாதம் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. இந்த இரண்டு பெயர்களுக்கும் இடையே ஒரு வழக்கு இருக்கிறது. இந்த இடம் யாருடையது, அரசனுடையதா, வணிகனுடையதா, அல்லது அதைக் கடந்து நடக்கும் சாதாரண மக்களுடையதா என்பதே அந்த வழக்கு. போர்ச்சுகலின் ஐந்நூறு ஆண்டு வரலாற்றில் அது பலமுறை இதே தரையில் விசாரிக்கப்பட்டிருக்கிறது, சில முறை ரத்தம் சிந்தியும்.

முதலில் அந்த அரண்மனை எப்படி ஆற்றங்கரைக்கு வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். இடைக்காலத்தில் லிஸ்பனின் மன்னர்கள் குன்றின் மேலிருந்த புனித ஜார்ஜ் கோட்டையில் வாழ்ந்தார்கள். உயரத்தில் இருப்பதே பாதுகாப்பு என்ற எண்ணம் உலகெங்கும் இருந்த காலம் அது. 1498 மே மாதம் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்து, மறு ஆண்டு நாடு திரும்பியபின் அந்தக் கணக்கு மாறியது. மன்னர் முதலாம் மானுவல் குன்றிலிருந்து கீழிறங்கி, கப்பல்கள் வந்து நிற்கும் கரையிலேயே புதிய அரண்மனை ஒன்றைக் கட்டத் தொடங்கினார். ‘ஆற்றங்கரை அரண்மனை’ என்றே அதற்குப் பெயர். அதன் ஒரு பக்கத்தில் கப்பல் கட்டும் துறை. அரண்மனை வளாகத்திலேயே கீழ்த்தளத்தில் ‘காசா த இந்தியா’ என்னும் இந்தியா இல்லம்.

இந்தியா இல்லம் என்பது வெறும் பண்டசாலை அல்ல. கீழைக் கடல்களிலிருந்து வரும் ஒவ்வொரு கப்பலும் தன் சரக்கை அங்கேதான் கணக்குக் காட்ட வேண்டும். மிளகு அரசனின் தனியுரிமை. அதை எடை போட்டுச் சேமிப்பதும், விலை வைத்து விற்பதும், மற்றச் சரக்குகளுக்குத் தீர்வை வாங்குவதும், மாலுமிகளை நியமித்து ஊதியம் கொடுப்பதும், கடற்படங்களைக் காப்பதும் திருத்துவதும் அந்த நிறுவனத்தைச் சுற்றியே நடந்தன. தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடிக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு ஆண்டும் மார்ச் அல்லது ஏப்ரலில் ஒரு கப்பல் அணி புறப்படும். அதில் மீள்பவை மறு ஆண்டுக் கோடையில் திரும்பும். அரசன் தன் மாளிகையிலிருந்தபடியே அந்த வரவைப் பார்த்துவிடலாம். ஐரோப்பாவின் மற்ற முடியரசர்கள் நிலவரியையும் படைபலத்தையும் நம்பி வாழ்ந்தபோது, இந்த மன்னர் தன் படுக்கையறைக்குக் கீழேயே மிளகு மூட்டைகளை அடுக்கிவைத்திருந்தார். பிரான்சு மன்னர் முதலாம் பிரான்சிஸ் அவரை மளிகைக்கார அரசன் என்று இகழ்ந்ததாகச் சொல்லப்படுகிறது. இகழ்ச்சியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அந்தச் சொல்லில் ஒரு சரியான அவதானிப்பு இருக்கிறது: இங்கே அரசும் கடையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. வணிகச் சதுக்கம், அரண்மனை முற்றம் என்ற இரண்டு பெயர்களும் பிற்காலத்தில் பிரிந்தனவே தவிர, தொடக்கத்தில் இரண்டும் ஒரே பொருளின் இரு பக்கங்கள்தாம்.

அந்தக் காலத்து முற்றம் என்னவெல்லாம் கண்டது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்லலாம். குஜராத் சுல்தான் இரண்டாம் முசாபர் அனுப்பிய காண்டாமிருகம் ஒன்று 1515 மே 20 அன்று லிஸ்பனில் வந்திறங்கியது. ரோமானியர் காலத்துக்குப் பின் ஐரோப்பிய மண்ணில் உயிரோடு காணப்பட்ட முதல் காண்டாமிருகம் அது என்று கருதப்படுகிறது. யானையும் காண்டாமிருகமும் பிறவிப் பகை என்று பழைய நூல்களில் படித்திருந்த மன்னர், ஜூன் 3 அன்று அரண்மனையை ஒட்டிய முற்றத்தில் இரண்டையும் எதிரெதிரே விடச் செய்தார். கூட்டத்தின் இரைச்சலில் மிரண்ட இளம் யானை ஓடிவிட்டது, சண்டை நடக்கவில்லை. பிறகு அந்தக் காண்டாமிருகம் போப்பாண்டவருக்குப் பரிசாக அனுப்பப்பட்டு, வழியில் இத்தாலியக் கரையோரம் கப்பல் மூழ்கியதில் சங்கிலியோடு இறந்தது. அதைக் கண்ணால் பார்க்காமலேயே, லிஸ்பனிலிருந்து போன ஒரு கடிதத்தையும் கோட்டோவியத்தையும் வைத்து ஆல்பிரெக்ட் டியூரர் செதுக்கிய மர அச்சுப் படம்தான் பல தலைமுறை ஐரோப்பியர்களுக்குக் காண்டாமிருகத்தின் உருவமாக இருந்தது.

மிளகும் விலங்குகளும் வந்த அதே துறையில் மனிதர்களும் சரக்காக இறக்கப்பட்டார்கள். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களை எண்ணி, தீர்வை விதித்து, விற்பதற்கென்றே 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் லிஸ்பனில் ‘அடிமைகள் இல்லம்’ என்ற அரசு அலுவலகம் ஏற்பட்டது. 16ஆம் நூற்றாண்டு லிஸ்பனின் மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அடிமை என்று அக்காலத்தவர் கணித்தார்கள். சதுக்கத்தின் இன்றைய அழகைப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. அங்கே நிற்கும் சிலையிலும் வளைவிலும் அந்த மனிதர்களுக்கு இடம் தரப்படவில்லை.

தமிழுக்கும் அந்த நகரத்தோடு நேரான ஒரு தொடர்பு உண்டு. 1554 பிப்ரவரி 11 அன்று லிஸ்பனில் ஒரு சிறு கிறித்தவ மறைநூல் அச்சிட்டு முடிக்கப்பட்டது. தமிழ்ச் சொற்கள் ரோமன் எழுத்தில், அவற்றின் போர்ச்சுக்கீசியப் பொருளோடு இரண்டு வண்ண மையில் அச்சான அந்நூலே அச்சேறிய முதல் தமிழ் நூல். அதை ஆக்கியவர்கள் வின்சென்ட் நாசரேத், ஜோர்ஜ் கார்வாலோ, தோமா தா குரூஸ் என்று புதுப்பெயர் பெற்றிருந்த மூன்று தமிழர்கள். தமிழை அதன் சொந்த எழுத்திலேயே அச்சிடுவது கொல்லத்தில் 1578இல்தான் நடந்தது. அந்த மூவரும் கீழைக் கப்பல் ஒன்றில்தான் லிஸ்பனை அடைந்திருக்க முடியும் என்பதை நினைக்கும்போது, இந்த ஆற்றங்கரை நமக்கு முற்றிலும் அந்நியமான இடமாகத் தோன்றவில்லை.

1580இல் வாரிசு இல்லாத போர்ச்சுகலின் முடி ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் கைக்குப் போயிற்று. அவர் அந்த அரண்மனையில் ஆற்றை நோக்கிய மாபெரும் கோபுரம் ஒன்றைக் கட்டுவித்தார். நகரத்துக்குள் நீர்வழியாக வரும் எவரும் முதலில் காண்பது அதுவாகத்தான் இருந்தது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1640 டிசம்பர் 1 காலையில், நாற்பது சதிகாரர்கள் என்று வரலாற்றில் பெயர்பெற்ற பிரபுக்கள் குழு அந்த அரண்மனைக்குள் புகுந்தது. ஸ்பெயினின் சார்பில் ஆட்சி நடத்திய செயலர் மிகேல் து வாஸ்கொன்செலோஸ் ஓர் அலமாரிக்குள் ஒளிந்திருந்தார். அவரைக் கண்டுபிடித்துச் சுட்டு, உடலை ஜன்னல் வழியாக முற்றத்தில் வீசினார்கள். கீழே கூடியிருந்த மக்களுக்கு ஆட்சி மாறிவிட்டது என்பதற்கு வேறு அறிவிப்பு தேவைப்படவில்லை. பிரகான்சா கோமகன் நான்காம் ஜோவாவ் என்ற பெயரில் மன்னரானார். அலமாரி, ஜன்னல் என்று நாம் நாள்தோறும் சொல்லும் இரண்டு சொற்களும் போர்ச்சுக்கீசிய ‘ஆர்மாரியோ’, ‘ஜனேலா’ ஆகியவற்றிலிருந்து தமிழுக்கு வந்தவை என்பதால், அந்நாட்டின் விடுதலைக் காலையை மொழிபெயர்ப்பே இல்லாமல் பாதி நாம் புரிந்துகொள்கிறோம்.

அடுத்த நூற்றாண்டில் பிரேசிலின் தங்கம் வந்து குவிந்தது. அரண்மனை மேலும் பெருத்தது. 70,000 நூல்கள் கொண்டதாகச் சொல்லப்படும் அரச நூலகம், டிஷியன், ரூபன்ஸ் போன்றோரின் ஓவியங்கள், கடற்பயண ஆவணங்கள் எல்லாம் அங்கே சேர்ந்தன. அரண்மனையை ஒட்டிக் கட்டப்பட்ட பெரிய இசைநாடக அரங்கு 1755ஆம் ஆண்டு வசந்தத்தில் திறக்கப்பட்டது. அது ஏழு மாதங்கள்தான் நின்றது.

1755 நவம்பர் 1 அனைத்துப் புனிதர் திருநாள். காலை ஒன்பதரை மணி கடந்த வேளையில், தேவாலயங்கள் நிறைந்திருந்தபோது, நிலம் அதிர்ந்தது. அட்லாண்டிக் கடலடியில் தோன்றிய அந்த நிலநடுக்கத்தின் அளவு 8.5க்கும் 9க்கும் இடையில் இருந்திருக்கும் என்று இன்றைய ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். குறுகிய தெருக்களில் சுவர்கள் சரிந்ததால், உயிர் பிழைத்தவர்கள் அறிவுடையவர்கள் செய்யக்கூடியதைச் செய்தார்கள்: தலைக்கு மேல் எதுவும் விழ முடியாத திறந்த வெளியைத் தேடி, அரண்மனை முற்றத்துக்கும் அதை ஒட்டிப் புதிதாகக் கட்டப்பட்டிருந்த கல் படித்துறைக்கும் ஓடினார்கள். சிறிது நேரத்தில் ஆற்று நீர் உள்வாங்கி, அடித்தரையும் அதில் கிடந்த பழைய சரக்குகளும் வெளியே தெரிந்தன. 2004 டிசம்பர் 26 அன்று நம் கரையில் நின்றவர்களுக்கு இந்த வரியின் பொருளை விளக்க வேண்டியதில்லை. பிறகு கடல் திரும்பி வந்தது. படித்துறையில் நின்ற கூட்டம் துறையோடு சேர்ந்து மறைந்துபோனதாக நேரில் கண்டவர்கள் எழுதிவைத்தார்கள். திருநாளுக்காக ஏற்றியிருந்த மெழுகுவத்திகளும் வீட்டு அடுப்புகளும் மூட்டிய தீ, நீர் எட்டாத பகுதிகளில் ஐந்தாறு நாட்கள் எரிந்தது. இறந்தவர்களின் எண்ணிக்கை பற்றிய கணிப்புகள் பல்லாயிரங்களுக்குள் பெரிதும் வேறுபடுகின்றன. அரண்மனை, நூலகம், ஓவியங்கள், இந்தியா இல்லம், அரங்கு அனைத்தும் போயின.

மன்னர் முதலாம் ஜோசே அன்று காலை குடும்பத்தோடு நகரின் மேற்கே பெலெமில் இருந்ததால் தப்பினார். ஆனால் அதன்பின் அவர் கல் சுவருக்குள் தூங்கத் துணியவில்லை. அஜுடா மேட்டில் மரத்தாலும் துணியாலும் எழுப்பிய ‘அரசக் கொட்டகை’யிலேயே 1777இல் இறக்கும்வரை வாழ்ந்தார். அரண்மனை முற்றத்துக்கு அரண்மனை திரும்பாமல் போனதற்கு நகரத் திட்டம் ஒரு காரணம் என்றால், ஒரு மனிதனின் தீராத அச்சம் இன்னொரு காரணம்.

அந்த வெற்றிடத்தில் எழுந்தவர் அமைச்சர் செபஸ்தியாவ் ஜோசே து கார்வாலோ இ மெலோ. பின்னாளில் பொம்பால் பிரபு என்று அறியப்பட்டவர் இவரே. பிளேக் பரவுமுன் பிணங்களை அப்புறப்படுத்தினார், தானிய விலையைக் கட்டுப்படுத்தினார், கொள்ளையரைத் தூக்கிலிட்டார். நாட்டின் ஒவ்வொரு தேவாலயப் பங்குக்கும் ஒரு கேள்வித்தாள் அனுப்பினார். நடுக்கம் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் முதலில் ஏறியதா இறங்கியதா, கிணறுகளில் மாற்றம் தெரிந்ததா என்பன போன்ற கேள்விகள் அதில் இருந்தன. பேரழிவைக் கடவுளின் தண்டனை என்று மட்டும் பேசிய ஒரு காலத்தில் அதை அளக்கவும் ஒப்பிடவும் தகுந்த நிகழ்வாக அணுகிய அந்தக் கேள்வித்தாளை, நிலநடுக்க ஆய்வின் தொடக்கப் படிகளில் ஒன்றாகச் சொல்கிறார்கள். அதே மனிதர் எதிரிகளைக் கொடூரமாக ஒடுக்கிய சர்வாதிகாரி என்பதும் உண்மை. இரண்டையும் ஒன்றையொன்று மறைக்காமல் பார்ப்பதே சரி.

முதன்மைப் பொறியாளர் மானுவேல் த மாயாவுக்கு அப்போது வயது எண்பதை நெருங்கியிருந்தது. 1755 டிசம்பர் 4 என்று தேதியிட்ட தன் அறிக்கையின் முதல் பகுதியிலேயே அவர் செய்யக்கூடியவற்றை வரிசைப்படுத்தினார்: இருந்தபடியே திரும்பக் கட்டலாம், தெருக்களை மட்டும் அகலப்படுத்தலாம், அகலப்படுத்துவதோடு வீடுகளின் உயரத்தையும் குறைக்கலாம், தாழ்நிலப் பகுதி முழுவதையும் தரைமட்டமாக்கிப் புதிய திட்டத்தில் எழுப்பலாம், அல்லது நகரத்தையே பெலெம் பக்கம் பெயர்த்துவிடலாம். தேர்ந்தெடுக்கப்பட்டது நான்காவது வழி. யூஜெனியு துஷ் சாந்துஷ் என்ற இராணுவப் பொறியாளர் வரைந்த திட்டத்தில், சதுக்கத்திலிருந்து நூல் பிடித்தாற்போல் நேர்த் தெருக்கள் வடக்கே ஓடின. அவருக்குப் பின் ஹங்கேரிய வழிவந்த கார்லோஸ் மார்டெல் அந்தப் பணியைத் தொடர்ந்தார். தெருக்களுக்குப் பொற்கொல்லர், வெள்ளி வேலை செய்வோர், சேணக்காரர் என்று தொழில்களின் பெயர்கள் இடப்பட்டன.

இந்தக் கட்டுமானத்தின் உட்பொருளை அறியாமல் சதுக்கத்தைப் புரிந்துகொள்ள இயலாது. தாழ்நிலத்தின் மண் ஆற்றுப்படிவு; அதில் நீர் எப்போதும் ஊறிக்கொண்டிருக்கும். எனவே பச்சைப் பைன் மரக் கழிகளை நெருக்கமாக இறக்கி, அவற்றின் மேல் அடித்தளம் அமைத்தார்கள். நீரில் மூழ்கி, காற்றுப் படாமல் இருக்கும்வரை மரம் உளுத்துப்போகாது; வறண்டு மீண்டும் நனைந்தால்தான் கெடும். இடிந்த நகரத்தின் கற்குவியலைக் கொண்டே தரையை உயர்த்திச் சமன்செய்தார்கள். கல் கட்டிய கீழ்த்தளத்துக்கு மேலே, சுவர்களுக்குள் குறுக்குச் சட்டங்கள் பெருக்கல் குறி போலப் பின்னிய ஒரு மரக்கூடு நிறுத்தப்பட்டது. கூண்டு என்ற பொருளில் அதை ‘கையோலா’ என்று அழைத்தார்கள். நிலம் அசையும்போது கல் நொறுங்கும். மரக்கூடு வளைந்து கொடுத்து, மாடிகளைத் தாங்கி, உள்ளே இருப்பவர்கள் வெளியேற நேரம் தரும் என்பதே கருத்து. மாதிரி ஒன்றைச் சுற்றிப் படைவீரர்களைத் தரையதிர நடக்கவிட்டுச் சோதித்ததாக ஒரு செவிவழிச் செய்தி உண்டு. அது நடந்ததோ இல்லையோ, நிலநடுக்கத்தைத் தாங்குவதற்கென்று திட்டமிட்டு ஒரு நகரின் நடுப்பகுதி முழுவதையும் கட்டிய மிகப் பழைய எடுத்துக்காட்டுகளில் இது ஒன்று. தீ ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குத் தாவாமல் இருக்கக் கூரைக்கு மேலும் உயர்ந்த தடுப்புச் சுவர்கள் வைக்கப்பட்டன. கதவு, ஜன்னல் அளவுகள் ஒன்றாக்கப்பட்டதால், அவற்றை நகருக்கு வெளியிலேயே செய்து கொண்டுவந்து பொருத்த முடிந்தது. சதுக்கத்தின் முகப்புகளில் இன்று நாம் காணும் அந்தச் சீர்மைக்கு அழகுணர்ச்சியைப் போலவே அவசரமும் சிக்கனமும் காரணங்கள்.

இனி பெயருக்கு வருவோம். அழிவுக்குப் பின் லிஸ்பனின் வணிகர்கள், இறக்குமதிச் சரக்குகளின் மேல் 4 சதவீதம் கூடுதலாகச் செலுத்த முன்வந்தார்கள். சுங்கக் கட்டடத்தையும் வணிகர் கூடத்தையும் எழுப்ப அந்தப் பணம் பயன்பட்டது. பொம்பால் அதற்குக் கைம்மாறாகவும், தன் ஆட்சியின் நோக்கத்துக்கு அறிவிப்பாகவும், அரண்மனை முற்றத்துக்கு வணிகச் சதுக்கம் என்று பெயரிட்டார். பழைய அரண்மனைக் கோபுரம் நின்ற இடத்துக்கு அருகே மேற்குக் கோபுரமும், அதற்கு ஈடாகக் கிழக்கே ஒன்றும் எழுந்தன. கிழக்குப் பக்கம் சுங்கத்துக்கும், அந்தக் கிழக்குக் கோபுரம் பங்குச் சந்தைக்கும் உரியதாயின. அரசனின் பழைய கோபுரத்தின் வடிவத்தை எடுத்து, அதற்குள் வணிகரை உட்காரவைத்த இந்தச் செயலில் அந்தக் காலத்தின் அரசியல் முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் நடுவில் நின்றது அரசன்தான். 1775 ஜூன் 6, மன்னர் ஜோசேயின் பிறந்தநாளில், ஜோக்கிம் மசாடோ து காஸ்ட்ரோ வடித்த குதிரைமேல் அமர்ந்த வெண்கலச் சிலை திறந்துவைக்கப்பட்டது. பார்த்தொலோமெயு த கோஸ்தாவின் மேற்பார்வையில் முந்தைய ஆண்டு அக்டோபரில் ஒரே வார்ப்பில் ஊற்றப்பட்ட அது, பீடத்தோடு சேர்த்து ஏறத்தாழ 14 மீட்டர் உயரம். குதிரை பாம்புகளை மிதித்துக்கொண்டு நிற்கிறது. பீடத்தின் ஒரு பக்கத்துச் சிற்பத் தொகுதியில் ஒரு யானை இருக்கிறது. மன்னரின் முகம் நகரத்தை நோக்கி இல்லை, ஆற்றை நோக்கி இருக்கிறது. வெண்கலம் கறுத்தபின் ஆங்கிலேய மாலுமிகள் அந்த இடத்தைக் கருங்குதிரைச் சதுக்கம் என்று அழைத்தார்கள். பீடத்தின் முன்புறத்தில் பொம்பாலின் உருவம் பொறித்த வெண்கல வட்டு ஒன்று இருந்தது. இரண்டு ஆண்டுகளில் மன்னர் இறந்து, அமைச்சர் வீழ்ந்ததும் அது கழற்றி அகற்றப்பட்டது. 1833இல், அரசியலமைப்புக்கு உட்பட்ட ஆட்சியை விரும்பிய லிபரல்கள் உள்நாட்டுப் போரில் லிஸ்பனைக் கைப்பற்றியபின் மீண்டும் பதித்தார்கள். சிலையில் கைவைக்காமல் வட்டை மட்டும் கழற்றியதும், பிறகு தேடி எடுத்து மாட்டியதும், அந்தந்த ஆட்சி தன்னை யாருடைய வாரிசாக எண்ணியது என்பதைக் காட்டுகின்றன.

வடக்குப் பக்கத்தில் நகரத்துக்குள் நுழையும் வாயிலாகத் திட்டமிடப்பட்ட வெற்றி வளைவு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் தாமதமாகி 1870களில்தான் முடிந்தது. உச்சியில் புகழ் என்னும் பெண்ணுருவம் அறிவுக்கும் வீரத்துக்கும் முடிசூட்டுகிறது. கீழே வாஸ்கோ ட காமாவும் பொம்பாலும் உட்பட நால்வர் நிற்கிறார்கள். முன்னோரின் நற்பண்புகள் எல்லோருக்கும் பாடமாகட்டும் என்ற கருத்தில் ஒரு லத்தீன் வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது.

மூன்று பக்கம் மூடி ஒரு பக்கத்தை நீருக்குத் திறந்துவிடும் அமைப்பு லிஸ்பன் கண்டுபிடித்தது அல்ல. பிரான்சின் போர்தோ நகரம் அதே நூற்றாண்டில் சற்று முன்னதாகவே கரோன் ஆற்றை நோக்கி அப்படியொரு அரசச் சதுக்கத்தைக் கட்டியிருந்தது. ஆனால் லிஸ்பனில் அந்தத் திறந்த பக்கம் வெறும் காட்சிக்காக அமைந்ததில்லை. அது நாட்டின் முன்வாசல். இரண்டு கல் தூண்களுக்கு இடையே நீருக்குள் இறங்கும் படித்துறையில்தான் வெளிநாட்டு மன்னர்களும் தூதர்களும் கால் வைத்தார்கள். 1957இல் இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத் வந்திறங்கியதும் அங்கேதான். தெற்கு நோக்கிப் போகும் ரயிலுக்குக்கூட சதுக்கத்தின் ஓரத்திலிருந்த, தண்டவாளமே இல்லாத நிலையத்தில் சீட்டு வாங்கி, படகில் ஆற்றைக் கடந்து பரெய்ருவில் ஏற வேண்டியிருந்தது.

அந்தப் படகுவழியே முடியாட்சியின் முடிவும் வந்தது. 1908 பிப்ரவரி 1 மாலை, மன்னர் முதலாம் கார்லோசும் குடும்பமும் விலா விசோசா அரண்மனையிலிருந்து ரயிலில் பரெய்ரு வந்து, படகில் ஆற்றைக் கடந்து சதுக்கத்தில் இறங்கினார்கள். அரசியல் எதிரிகளைக் கடல்கடந்து நாடுகடத்த வழிசெய்யும் ஆணை ஒன்றில் மன்னர் அப்போதுதான் கையெழுத்திட்டிருந்தார். நகரம் கொதிப்பில் இருந்தது. இருந்தும் திறந்த வண்டியிலேயே சென்றார்கள். சதுக்கத்தின் மேற்கு மூலையில் வண்டி திரும்பும் தருணத்தில் மானுவேல் புயிசாவும் அல்பிரெதோ கோஸ்தாவும் சுட்டார்கள். மன்னர் அங்கேயே இறந்தார், பட்டத்து இளவரசர் லூயிஸ் பிலிப் சற்று நேரத்தில் இறந்தார். அரசி அமேலி எழுந்து நின்று, கையிலிருந்த பூச்செண்டால் கொலையாளியை அடித்தார். இளைய மகன் மானுவல் கையில் காயத்தோடு பிழைத்து மன்னரானார். 1910 அக்டோபர் 5இல் குடியரசு அறிவிக்கப்பட்டது.

முடியாட்சி போனபின்னும் அதிகாரம் சதுக்கத்தை விட்டுப் போகவில்லை. தாழ்வாரங்களுக்கு மேலிருந்த அறைகளில் அமைச்சகங்கள் தொடர்ந்தன. போர்ச்சுக்கீசிய அரசியல் பேச்சில் ‘தெரெய்ரு து பாசு’ என்றால் இன்றும் மத்திய அரசு என்று பொருள். தொலைவிலுள்ள மாவட்டம் ஒன்று தன் பணம் தலைநகரில் முடங்குவதாகக் குறைகூறும்போது அந்தப் பெயரைத்தான் சொல்கிறது. மக்கள் பழைய பெயரை விடாததற்கு இதுவே உண்மையான விளக்கம் என்று நான் கருதுகிறேன். மன்னருக்குப் பின் குடியரசும், அதன்பின் சலாசாரின் சர்வாதிகாரமும் வந்தன. நடுத்தர மனிதன் மனு எடுத்துக்கொண்டு போய் நிற்க வேண்டிய இடம் மட்டும் மாறவில்லை. அவனுக்கு அது அரண்மனை முற்றமாகவே இருந்தது.

அதனால்தான் 1974 ஏப்ரல் 25 விடியற்காலையில் சந்தரெம் குதிரைப்படைப் பள்ளியிலிருந்து புறப்பட்ட முப்பது வயதுகூட நிரம்பாத கேப்டன் சல்கெய்ரு மாயா, அந்தச் சர்வாதிகாரத்தைக் கவிழ்க்கத் தன் கவச வண்டிகளை நேராக இங்கே கொண்டுவந்து நிறுத்தினார். அவரை எதிர்க்க ஆற்றில் ‘காகோ கோத்தின்யோ’ என்ற போர்க்கப்பல் வந்து நின்றது. சதுக்கத்தை நோக்கிச் சுடும் கட்டளை நிறைவேற்றப்படவில்லை. பக்கத்துத் தெருவில் அரசுக்கு விசுவாசமான டாங்கிகள் வந்தன. மாயா கையில் வெள்ளைத் துணியோடு அவற்றை நோக்கி நடந்தார். சுடும்படி பிரிகேடியர் கட்டளையிட்டார். டாங்கியிலிருந்த வீரர் கீழ்ப்படியவில்லை. அந்தச் சில நிமிடங்களில் அங்கே ஒரு குண்டு வெடித்திருந்தால் அன்றைய புரட்சிக்குக் கார்னேஷன் பூவின் பெயர் வந்திருக்காது. மேலே இராணுவ அமைச்சகத்தில் இருந்தவர்கள் சுவரை உடைத்து அடுத்த கட்டடத்தின் வழியாகத் தப்பினார்கள். மாயாவின் படை நண்பகலில் மேட்டிலுள்ள கார்மோ முகாமுக்கு நகர்ந்தது. மாலையில் பிரதமர் மார்செலோ கைத்தானோ அங்கே சரணடைந்தார்.

இதற்குள் சதுக்கத்தின் முன்வாசல் வேலை முடிந்துகொண்டிருந்தது. 1966இல் ஆற்றின் குறுக்கே பெரிய தொங்கு பாலம் திறக்கப்பட்டது. விருந்தினர்கள் விமானத்தில் வரத் தொடங்கினார்கள். பெரிய கப்பல்கள் வேறு துறைகளுக்கு நகர்ந்தன. நீண்ட காலம் அந்த மாபெரும் வெளி வாகன நிறுத்தமாகக் கிடந்தது. வெண்கல மன்னரைச் சுற்றி வரிசை வரிசையாகக் கார்கள் நிற்கும் பழைய புகைப்படங்களைப் பார்க்கும்போது மனம் சங்கடப்படுகிறது. 1990களில் கார்கள் வெளியேற்றப்பட்டன. அமைச்சகங்கள் சிலவும் பின்னர் இடத்தைக் காலி செய்தன. தாழ்வாரங்களில் உணவகங்கள் வந்தன. 1782இலிருந்து அங்கே இருக்கும், கவிஞர் பெர்னாண்டோ பெசோவா வழக்கமாக உட்கார்ந்த காபிக்கடை மட்டும் மூலையில் அப்படியே இருக்கிறது.

மெட்ரோ சுரங்கத்தை ஆற்றோரமாகக் கொண்டுவந்தபோது, பொம்பால் காலத்துப் பொறியாளர்கள் எதிர்கொண்ட அதே நீர் ஊறிய மண் மீண்டும் எதிர்த்தது. 2000ஆம் ஆண்டில் சுரங்கத்துக்குள் நீரும் சேறும் புகுந்து பணி ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. அதற்காக முன்னதாகவே பிரித்தெடுக்கப்பட்டிருந்த தூண் படித்துறையின் கற்கள் பத்தாண்டுக்கும் மேல் வேறிடத்தில் காத்திருந்து, 2008இல் தத்தம் இடத்துக்குத் திரும்பின. நிலையம் 2007 டிசம்பரில் திறக்கப்பட்டது. சதுக்கத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் வணிகச் சதுக்கமாகவே இருக்க, அரசுக்குச் சொந்தமான அந்த மெட்ரோ தன் நிலையத்தின் பெயர்ப்பலகையில் ‘தெரெய்ரு து பாசு’ என்று எழுதி வைத்திருக்கிறது.